வெங்ஙானூர் ஐயன்காளி

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரால் சைவ உலகுக்கு நன்கு அறிமுகமானது. இக்காலத்தார்க்கோ அது பீங்கான் ஊர். அகல்விளக்கும் பொம்மையும் மின்கம்பிகளுக்குரிய பீங்கான் உறுப்புகளும் அங்குள்ள சூளைகளில் வெந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. அவ்வூர்ப் பக்கத்து அரசினர் பள்ளியொன்றில் நிகழ்ந்த பெற்றோர் கூட்டத்துக்கு, உறவினர் ஒருவர் பொருட்டு, யான் சென்றிருந்தேன். அச்சு வார்க்கும் வேலையை முடித்துக்கொண்டு, விரலிடுக்கில் வெண்களிமண் உலர்ந்தும் உலராமலும் இருக்க, தாய்மார் பலர் வந்து தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தனர். அவருள் ஒருவர் எழுந்து, கணக்குப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமலே இரண்டு பருவங்கள் கழிந்துவிட்டமையை எடுத்துரைத்து, இனியும் எத்துணைக் காலம் காத்திருப்பது என்று வினவினார். அவர் வருகைப் பதிவேட்டில் பெருவிரல் பதித்தவர். என் அருகிலிருந்த கனவான் ஒருவர், தம் பெயரை எழுத அறியாதவர்க்குக் கணக்குப் பாடத்தைப் பற்றிய கவலை எதற்கு என்று சொல்லி மெல்ல நகைத்தார்.

அந்நகைப்பு என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், தம் பெயரை எழுத அறியாத மற்றொருவரே என் நினைவில் நின்றார். மலையாள நாட்டார் அவரை நன்கறிவர். தமிழ் மாணவருட் பலர் அவர் பெயரையும் கேட்டிரார். அவர் பிறந்த ஊரோ நம் குமரி எல்லைக்கு மிகவும் சேய்மையில் உள்ளதன்று. ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரையத் துணிந்தேன்.

திருவிதாங்கூர் அரசு கல்வியில் முந்திக்கொண்ட அரசு என்பதை யாவரும் அறிவர். 1817-ஆம் ஆண்டிலேயே ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசு ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அவ்வாணையைக் கண்டு இன்றும் வியப்போர் உளர். வியத்தற்குரியதே. ஆனால் குடிகள் என்ற சொல்லுக்குள் அக்காலத்தில் யார் யார் அடங்கினர் என்று வினவுவோர் சிலரே. வயலில் இறங்கி உழுது, நட்டு, அறுத்து, களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வெறுங்கையோடு குடிசைக்குத் திரும்பிய புலையர் என்னும் வகுப்பினர் அச்சொல்லில் அடங்கவில்லை. அவர்கள் நிலத்தோடு விற்கப்பட்டார்கள். நிலத்தினின்று பிரித்தும் விற்கப்பட்டார்கள். இக்கொடுமையை நீக்கவேண்டும் என்று 1847-இல் மிஷனரிமார் அரசருக்கு விண்ணப்பம் செய்தனர். 1855-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. சட்டம் ஒழித்ததை வழக்கம் ஒழிக்கவில்லை. அரசர் பெருவழியில் அவர்கள் நடக்கலாகாது. சந்தைக்குள் நுழையலாகாது. மேல்வகுப்பாரைக் கண்டால் இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்ற கணக்கு மட்டும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமலே கற்பிக்கப்பட்டது.

இத்தகைய காலத்தில், 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூர் என்னும் சிற்றூரில் ஐயன்காளி பிறந்தார். தந்தையார் ஐயன், தாயார் மாலை. தந்தையார் காடு திருத்தி வயலாக்குவதில் வல்லவர். அவர்தம் உழைப்பைக் கண்டு மகிழ்ந்த நிலக்கிழார் ஒருவர் சிறிது நிலத்தை அவர்க்கே கொடுத்தார் என்பர். அச்சிறு நிலம் பிற்காலத்தில் பெரிதும் உதவியது. ஒருவேளை உணவுக்குப் பிறர் முற்றத்தை எதிர்நோக்கி நிற்க வேண்டாதவன் தலை நிமிர்ந்து பேசுதல் எளிது. நிலமற்ற ஆயிரக்கணக்கானோர் சார்பில் பேசத்தக்க ஒருவர் சிறிதேனும் நிலமுடைய வீட்டில் தோன்றினார் என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

பள்ளி வாசலை அவர் மிதிக்கவில்லை. மிதிக்க இடமுமில்லை. ஓங்கிய உருவமும், சிலம்பப் பயிற்சியால் உரம் பெற்ற உடலும், இளைஞரைத் தம்மைச் சூழ வைத்துக்கொள்ளும் இயல்பும் அவர்க்கு வாய்த்திருந்தன. 1888-இல் செல்லம்மை என்பாரை மணந்தார். திருவனந்தபுரத்துத் தைக்காட்டில் வாழ்ந்த ஐயாவு சுவாமிகள் என்னும் தமிழ்ப் பெரியாரிடம் அவர் பழகினார். சாதி வேறுபாடின்றி யாவரையும் ஒரே பந்தியில் இருத்தி உண்பித்ததற்காக அச்சுவாமிகள் ஊராரின் ஏச்சுக்கு ஆளானவர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு துறவியின் பந்தியில் ஐயன்காளிக்கும் இலை விழுந்தது என்பது நமக்குச் சிறிது பெருமை தரும் செய்தி.

1893-ஆம் ஆண்டில், அவர்க்கு முப்பது வயது நிரம்பும் காலத்தில், அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். இக்காலத்து இளைஞர்க்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். வில்வண்டி மேல்வகுப்பாரின் ஊர்தி. அது செல்லும் பெருவழி இவ்வகுப்பார்க்கு விலக்கப்பட்டது. அவர் வெள்வேட்டி உடுத்து, மேலாடை தரித்து, தலைப்பாகை அணிந்து, மணி கட்டிய எருதுகளைப் பூட்டி, அப்பெருவழியிலேயே வண்டியை ஓட்டினார். வழிமறித்தவர்களைக் கண்டு அவர் திரும்பவில்லை. பின்னர்த் தோழர்களுடன் நடந்தே சந்தைக்குப் புறப்பட்டபோது பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் கைகலப்பு மூண்டது. இருபுறத்தாரும் காயமுற்றனர். அதன் பின்னர் ஊர்தோறும் இளைஞர் பெருவழியில் இறங்கி நடக்கத் தொடங்கினர்.

வழி திறந்தது. அவ்வழி எங்கே செல்லவேண்டும் என்பதில் அவர்க்கு ஐயமில்லை. பள்ளிக்கூடத்துக்கே செல்லவேண்டும்.

முதலில் அவர் எவரிடமும் கையேந்தவில்லை. வெங்ஙானூரில் தாமே ஓலைக்கொட்டகை ஒன்று எழுப்பிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முயன்றார். அக்கொட்டகையைப் பகைவர் தீக்கிரையாக்கினர். மீண்டும் எழுப்பினர். 1907-இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கம் என்னும் சபையைத் தோற்றுவித்தார். ஊர்தோறும் அதன் கிளைகள் கிளைத்தன. அரசுப் பள்ளிகளில் எம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்க என்பதே சபையின் முதல் வேண்டுகோளாக இருந்தது. விண்ணப்பங்கள் சென்றன. திவானாக இருந்த பி. ராஜகோபாலாச்சாரியார் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழர்; இரக்கமுள்ளவர். அரசு இணங்கி உத்தரவும் இட்டது. ஆயினும் உத்தரவு கச்சேரியில் கட்டுண்டு கிடந்தது. பள்ளிகளின் தலைமை உபாத்தியாயர்கள் அதனைக் கண்டிலர் போல இருந்தனர். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தந்தையர் வாசலிலிருந்தே திரும்பினர்.

இனிச் சொல்லப்போவதே இச்சரித்திரத்தின் நடுநாயகம். விண்ணப்பம் பயனற்றுப் போனபின், எழுத்தறியாத அத்தந்தையரும் தாயரும் கையாண்ட உபாயம் இந்தியத் தொழிலாளர் வரலாற்றிலேயே தனித்து நிற்பது. எம் பிள்ளைகள் பள்ளியில் அமராவிடின் யாமும் உம் வயலில் இறங்கோம் என்று அவர்கள் வேலையை நிறுத்தினர். ஏனைய குறைகளையும் அவர்கள் கூறாமலில்லை. காரணமின்றி அடித்தல், பொய்வழக்கிற் பிணித்தல், கடைகளில் சிரட்டையில் வார்த்துக் கொடுத்தல், கூலிக்குறைவு ஆகியனவும் முறையீட்டில் இடம் பெற்றன. எனினும் பள்ளி முன்னின்றது. உலகில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் கூலிக்காகவும் வேலைநேரத்துக்காகவும் நிகழ்ந்துள்ளது. பிள்ளையின் கையில் பலகை கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பெற்றோர் தம் கஞ்சிக்கலயத்தைக் கவிழ்த்து வைத்த நிகழ்ச்சி வேறெங்கேனும் உண்டாயின் அறிந்தார் எனக்குக் கூறுக.

நெல் விளையும் நாட்டில் இதன் பொருள் என்ன என்பதை உழவர் குடியிற் பிறந்தார்க்கு விளக்க வேண்டா. நாற்று முற்றினால் காத்திராது. களை தலைதூக்கினால் அஞ்சாது. நிலக்கிழார் முதலில் ஏளனம் செய்தனர், பின்னர் அச்சுறுத்தினர், அதன்பின் தாமே வயலில் இறங்கிப் பார்த்தனர். சேற்றில் நிற்கவும் முறையாக நடவும் தலைமுறைப் பழக்கம் வேண்டும் என்பதை அப்போதுதான் அவர்கள் உணர்ந்தனர். மூளையால் வாழ்வோர்க்கே பயிற்சி உண்டு, கையால் உழைப்போர்க்கு இல்லை என்று எண்ணுவோர் எல்லாரையும் ஒரு நாள் நடவு வயலில் இறக்கிவிடலாம் என்று எனக்கும் சிற்சில வேளை தோன்றுவதுண்டு.

மறுபுறத்துத் துன்பமோ அதனினும் பெரிது. நிலக்கிழார் வீட்டில் பழைய நெல் இருக்கும். வேலை நிறுத்தியவர் குடிசையில் மறுநாள் உணவே இல்லை. அப்போது ஐயன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்று மீனவரை நாடினார். படகொன்றுக்கு ஒருவராகச் சேர்த்துக்கொண்டு, பாட்டில் பங்கு தரும்படி வேண்டினார். மீனவர் இசைந்தனர். கலப்பையன்றி வேறொன்றையும் பிடித்தறியாத கைகள் துடுப்பும் வலையும் பிடித்தன. நிலத்தார் மூடிய கதவைக் கடலார் திறந்தனர். பசி முற்றும் தீரவில்லை. ஆனால் பணிந்து திரும்பும் நிலை வரவில்லை. வேலைநிறுத்தம் நீண்டது. இறுதியில் அரசு தலையிட்டு, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டாகிய கண்டல நாகம்பிள்ளை என்பாரை நடுவராக அமர்த்தியது. அவர் இருதிறத்தாரையும் கேட்டுச் சமாதானம் செய்வித்தார். கூலி உயர்ந்தது. வழிநடை உரிமையும் பள்ளியிற் சேரும் உரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

1910-இல் பள்ளிச் சேர்க்கை பற்றிய அரசாணை வெளிப்பட, நாட்டில் பெரும் வாதம் எழுந்தது. எதிர்த்தவர் எல்லாரும் தீயவர் என்று எண்ணிவிடலாகாது. சுதேசாபிமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை அஞ்சா நெஞ்சர். அரண்மனையின் ஊழலை வெளிப்படுத்தி எழுதியமைக்காக அதே 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாடு கடத்தப்பட்டவர். அத்தகையவரே, தலைமுறை தலைமுறையாக அறிவைப் பண்படுத்திய குலத்துப் பிள்ளைகளையும் நிலத்தைப் பண்படுத்திய குலத்துப் பிள்ளைகளையும் ஓரிடத்தில் இருத்துதல் குதிரையையும் எருமையையும் ஒரு நுகத்திற் பூட்டுதல் போலாம் என்ற கருத்துப்பட எழுதினார். அரசரை எதிர்த்து நின்ற அப்பெரியார்க்கு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி விசுப்பலகையில் அமர்வதைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. இதனை வரையும்போது வருத்தமே மேலிடுகிறது.

அத்தகைய சிறுமி ஒருத்தியின் பெயர் நிலைத்துவிட்டது. அவள் பெயர் பஞ்சமி. பாலராமபுரத்தை அடுத்த ஊருட்டம்பலம் என்னுமிடத்தில் அரசுப் பள்ளி ஒன்று இருந்தது. ஐயன்காளி அச்சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, தோழர் சூழ, அங்குச் சென்றார். கல்வி இலாகாவின் தலைவராக இருந்த மிச்செல் துரை ஆணையை நிறைவேற்றுவதில் உறுதியாக நின்றவர். எனினும் பஞ்சமி உள்ளே அமர்ந்ததும் ஏனைய பிள்ளைகள் வெளியே அழைத்துச் செல்லப்பட்டனர். வெளியே கலகம் மூண்டது. பக்கத்து ஊர்களிலும் பரவிக் குடிசைகள் அழிந்தன. பள்ளிக்கூடமே தீயிடப்பட்டது. ஒரு சிறுமி எழுத்தறிவதினும் எழுத்தே இல்லாதொழிதல் நன்று என்று கருதிய கைகள் அத்தீயை வைத்தன.

பின்னர் வெங்ஙானூரில் இவ்வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி நடத்த அரசு இசைந்தது. இடம் கிடைத்தது, பிள்ளைகள் வந்தனர், கற்பிக்க வருவார் ஒருவரும் இல்லை. அவ்வகுப்பிலோ எழுத்தறிந்தாரே இல்லை. நெடுநாள் தேடியபின் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்னும் மேல்வகுப்பு இளைஞர் ஒருவர் முன்வந்தார். அவரைத் தாக்கக் காத்திருந்தார் பலர். ஆதலின் ஐயன்காளியின் ஆட்கள் காவலாக உடன் சென்று அவரைப் பள்ளிக்கு அழைத்து வருவதும் மீண்டும் கொண்டுபோய் விடுவதுமாக இருந்தனர். வாத்தியாரைக் கண்டால் பிள்ளைகள் அஞ்சுவதே உலகியல். அங்கே வாத்தியாரின் உயிரைப் பிள்ளைகளின் தந்தையர் காத்தனர். இவ்வுபாத்தியாயர் செய்த தொண்டும் சிறிதன்று. வகுப்பாரின் வெறுப்பைச் சம்பளத்தோடு சேர்த்துப் பெற்றுக்கொள்ள எத்தனை பேர் துணிவர்?

இதற்கிடையே 1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐயன்காளி ஸ்ரீமூலம் பிரஜாசபையின் அங்கத்தினராக அரசால் நியமிக்கப்பட்டார். அதற்கு முன் அவ்வகுப்பின் குறைகளைச் சபையில் எடுத்துரைத்தவர் சுபாஷிணி என்னும் பத்திரிகையின் ஆசிரியராகிய பி. கே. கோவிந்தப் பிள்ளை. அவ்வகுப்பார்க்காக அவ்வகுப்பினர் ஒருவரே பேசுதல் தகும் என்று வேண்டியவரும் அவரே. ஒரு பத்திரிகாசிரியர் எதிர்த்ததைக் கூறிய யான், மற்றொருவர் துணைநின்றதைக் கூறாதொழியின் நடுநிலை தவறியவனாவேன்.

திருவனந்தபுரம் ஜூபிலி மண்டபத்தில் திவானும் கனவான்களும் வீற்றிருக்கும் சபையில், எழுதப் படிக்க அறியாத அவர் எழுந்து நின்று பேசினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சபையில் இருந்தார். குடியிருக்க நிலம் வேண்டும் என்று கேட்டார். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அரசு வேலைகளில் இடம் கேட்டார். மீண்டும் மீண்டும் அவர் திரும்பி வந்த பொருள் பள்ளியே. ஆணை இருந்தும் எம் பிள்ளைகளைச் சேர்க்காத பள்ளிகள் உள்ளன என்றார். சம்பளம் கட்ட இயலாமையால் வெளியேறும் பிள்ளைகளுக்குச் சம்பளத்தில் சலுகை வேண்டும் என்றார். ஓர் உரிமையைப் பெறுதல் ஒரு போர். பெற்ற உரிமை பள்ளி வாசலில் நடைமுறையாகிறதா என்று ஆண்டுதோறும் சென்று எண்ணிப் பார்த்தல் வேறொரு போர். முன்னதைப் பாடுவோர் பலர். பின்னதில் சலிப்பே மிகுதி, பாட்டில்லை. அவர் இரண்டையும் செய்தார்.

அவர் காலத்தில் நம் பக்கத்திலும் இம்முயற்சி தளிர்த்தமையை நினைவூட்ட விரும்புகிறேன். விருத்தாசலத்தைப் போலவே பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவரும் ஒடுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்தவரே. பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையிலும் வீற்றிருந்தார். அவர் சரித்திரம் தனியே எழுதத்தக்கது.

1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் நடந்த கலகமும், அடிமையின் அடையாளமாகக் கழுத்திற் பூண்ட கல்மாலைகளைப் பெண்டிர் கழற்றி எறிந்தமையும் பெரிய வரலாறு. அங்கும் ஐயன்காளி முன்னின்றார் என்று மட்டும் கூறி அப்பால் செல்கிறேன்.

முதுமையில் ஈளைநோய் அவரை வருத்தியது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அதனையொட்டி 1937 ஜனவரியில் காந்தியடிகள் அந்நாட்டில் யாத்திரை செய்தபோது வெங்ஙானூருக்கும் வந்தார். கோயிற்கதவு திறந்த மகிழ்ச்சியில் நாடே திளைத்திருந்த வேளை அது. அவ்வேளையில் தம் விருப்பம் யாதென்று கேட்டவர்க்கு, கோயிலைப் பற்றி அம்முதியவர் ஒன்றும் கூறினாரில்லை. தாம் கண் மூடுமுன் தம் வகுப்பில் பி. ஏ. பட்டம் பெற்ற பதின்மரைக் காணவேண்டும் என்றே கூறினார். பதின்மர்! ஆயிரம் பேர் என்று கேட்டாலும் குற்றமில்லை. ஒருவேளை ஒவ்வொரு பிள்ளையையும் வாசல் கடத்துவதற்கு எத்தனை ஆண்டு சென்றது என்பதை விரல்விட்டு எண்ணியறிந்தவர் ஆதலின், எண்ணத்தக்க தொகையையே கேட்டார் போலும்.

1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள் தம் எழுபத்தேழாம் வயதைக் கடந்த நிலையில் அவர் காலமானார். அடுத்த கொச்சி நாட்டில் அதே புலையர் வகுப்பிற் பிறந்த தாட்சாயணி அம்மையார் அதற்குள் பட்டதாரி ஆகியிருந்தார். 1946-இல் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் அவர் இடம் பெற்றார். திருவிதாங்கூரில் உழவூர் என்னும் சிற்றூரிலிருந்து நாள்தோறும் பல மைல் நடந்து பள்ளிக்குச் சென்றவரும், சம்பளம் கட்ட இயலாமையால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவருமான கே. ஆர். நாராயணன், ஐயன்காளி மறைந்து ஈராண்டு கழித்து, 1943-இல், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல்வராகத் தேறினார். அவர் 1997-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானதை யாவரும் அறிவர்.

எழுத்தறியாத அங்கத்தினர் நின்று பேசிய ஜூபிலி மண்டபத்துக்கு 2019-இல் கேரள அரசு ஐயன்காளியின் பெயரை இட்டது. ஊருட்டம்பலத்துப் பள்ளிக்கும் 2022-இல் அவர் பெயரையும் பஞ்சமியின் பெயரையும் சேர்த்து இட்டனர். அப்பள்ளியில், அன்றைய தீயிற் சிக்கி ஒருபுறம் கரிந்த விசுப்பலகை ஒன்றை இன்றும் எறியாமல் வைத்திருக்கின்றனர்.